ஓட்டுபவரின் இருக்கையும் பின்னிருக்கையும்: பி.எம்.டபிள்யூ 5 சீரிஸ் வளர்ந்த வரலாறு

ஜெர்மானியக் கார்ச் சந்தையில், சிறிய குடும்பக் காருக்கும், அமைச்சர்களும் ஆலை அதிபர்களும் பின்னால் அமர்ந்து செல்லும் பெருங்காருக்கும் இடையே ஒரு படி உண்டு. நிறுவன மேலாளர்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் போன்றோர் பெரும்பாலும் தாமே ஓட்டிச் செல்வதற்கென வைத்திருக்கும் கார்கள் இந்தப் படியைச் சேர்ந்தவை. எக்ஸிகியூட்டிவ் கார் என்ற பெயரில் இவை உலகெங்கும் அறியப்படுகின்றன. மெர்சிடிஸ் பென்ஸின் இ-கிளாஸ், ஆடியின் ஏ6, பி.எம்.டபிள்யூவின் 5 சீரிஸ் ஆகிய மூன்றும் இந்த வகையின் தலையாய கார்கள். அவற்றுள் 5 சீரிஸ், காரில் யார் முக்கியமானவர் என்ற கேள்விக்குத் தொடக்கத்திலேயே தெளிவான விடை வைத்திருந்த கார்: ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவரே முக்கியமானவர். எட்டுத் தலைமுறைகளில் அந்த விடை எண்ணெய் நெருக்கடியோடும் புகைக் கட்டுப்பாட்டோடும் மின்னணுக் கருவிகளோடும் ஆசியச் சந்தையோடும் மோதி, சில இடங்களில் வென்று, சில இடங்களில் விட்டுக்கொடுத்துள்ளது.

அந்த விடை எங்கிருந்து வந்தது என்பதை அறிய 1950-களுக்குச் செல்ல வேண்டும். போருக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் பி.எம்.டபிள்யூ இரு முனைகளில் கார் செய்தது. ஒரு முனையில் விற்பனை விலைக்குள் செலவு அடங்காத 501, 502 என்னும் பெரிய கார்கள், மறு முனையில் முன்பக்கமே கதவாகத் திறக்கும் இசெட்டா என்னும் முட்டை வடிவக் குறுங்கார். இடையில் இருந்த பெரிய சந்தைக்கு அதனிடம் சரக்கே இல்லை. இதனால் நட்டம் பெருகி, 1959 டிசம்பர் 9 அன்று கூடிய பங்குதாரர் கூட்டத்தில் நிறுவனத்தை டைம்லர் பென்ஸ் வசம் ஒப்படைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. சிறு பங்குதாரர்களும் முகவர்களும் கடுமையாக எதிர்த்ததால் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதன் பின்னர் தொழிலதிபர் ஹெர்பெர்ட் குவாண்ட் தம் பங்குகளைப் பெருக்கி நிறுவனத்தைத் தாங்கினார். அவர் ஆதரவில் உருவாகி 1961-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வெளிப்பட்ட 1500 என்னும் நான்கு கதவுக் காரும், அதன் வழிவந்த 1800, 2000 ஆகியவையும் 'புதிய வகுப்பு' எனப் பொருள்படும் நோயெ கிளாஸெ என்ற பெயரால் அழைக்கப்பட்டன. அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹாவுசன் வடிவமைத்த, வேகமாகச் சுழலக்கூடிய நான்கு சிலிண்டர் எஞ்சின், நான்கு சக்கரங்களும் மேடுபள்ளத்தில் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனியே அசையும் சஸ்பென்ஷன், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் ஆகியவை சேர்ந்து, குடும்பக் கார் என்றால் சலிப்பான கார் என்ற எண்ணத்தை உடைத்தன. பத்தாண்டுகளில் மூன்று லட்சத்துக்கும் மேல் விற்ற அந்தக் காரின் வாரிசுதான் 5 சீரிஸ்.

நிறுவனத்துக்குள் இ12 என்ற குறியீட்டால் வழங்கப்பட்ட முதல் 5 சீரிஸ், 1972-இல், மியூனிக் நகரம் ஒலிம்பிக் போட்டிகளை நடத்திய அதே ஆண்டில் வெளிவந்தது. 1970-இல் தலைமைப் பொறுப்பேற்ற எபர்ஹார்ட் ஃபான் கூன்ஹைம், அப்போது நாற்பதைத் தாண்டியிருந்த இளம் நிர்வாகி, நிறுவனத்தின் கார்கள் அனைத்தையும் ஒரே குடும்பமாக அடையாளம் காணும்படி ஒழுங்குபடுத்த விரும்பினார். அந்த ஒழுங்கின் முதல் வெளிப்பாடு பெயரிலேயே இருந்தது: முதல் இலக்கம் காரின் வரிசையைக் குறிக்கும், அடுத்த இரண்டு இலக்கங்கள் எஞ்சினின் கொள்ளளவை, அதாவது சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் ஏறி இறங்கும் இடத்தின் மொத்தப் பருமனை, லிட்டரில் சொல்லும். எனவே 520 என்றால் ஐந்தாம் வரிசை, 2.0 லிட்டர் எஞ்சின். இறுதியில் 'ஐ' சேர்ந்தால் கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருள் பீய்ச்சப்படும் முறை. இவ்வளவு நேர்மையான பெயரிடல் பின்னாளில் நிலைக்கவில்லை.

இ12-இன் தோற்றத்தைத் தீர்மானித்தவர் பால் பிராக் என்னும் பிரெஞ்சுக்காரர்; அவர் அதற்கு முன் மெர்சிடிஸ் பென்ஸில் பணியாற்றியவர் என்பது சுவையான செய்தி. 1970 ஜெனீவா கண்காட்சியில் பெர்டோனி நிறுவனத்துக்காக மார்செல்லோ காந்தினி வரைந்து காட்டிய கார்மிஷ் என்ற மாதிரிக் காரின் சாயலும் இதில் உண்டு. அந்த மாதிரிக் கார் பின்னர் தொலைந்துபோனதால், 2019-இல் பி.எம்.டபிள்யூ அதைப் புகைப்படங்களைக் கொண்டே மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. இ12-இன் உடலமைப்பில், மோதலின்போது முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்கி அதிர்ச்சியை உறிஞ்ச, பயணிகள் அமரும் நடுப்பகுதி மட்டும் விறைப்பாக நிற்கும்படி ஏற்பாடு இருந்தது.

1973 முதல் சேர்க்கப்பட்ட ஆறு சிலிண்டர் எஞ்சின்களே இந்தக் காரின் உண்மையான குணத்தை நிலைநாட்டின. ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் நிறுத்தும்போது, ஒரு பிஸ்டன் மேலே செல்லும் உதறலை மற்றொன்று கீழே வரும் உதறல் சமன்செய்துவிடுவதால், எஞ்சின் ஏறத்தாழ நடுக்கமின்றிச் சுழல்கிறது. நீளமான இந்த எஞ்சினைப் பின்சக்கரங்கள் இயக்கும் காரில், முன் அச்சுக்கு நெருக்கமாகப் பின்னோக்கித் தள்ளி வைத்தால், எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பகிரப்படும். முன்சக்கரங்கள் இழுக்கும் வேலையிலிருந்து விடுபட்டு, திரும்பும் வேலையை மட்டும் செய்யும். வளைவில் கார் ஓட்டுநரின் கைக்கு உடனே இசைவதாகத் தோன்றுவதற்கு இந்த எடைக் கணக்கே முதற் காரணம். விளம்பரச் சொற்களை விலக்கிப் பார்த்தாலும் எஞ்சி நிற்கும் உண்மை அது.

கார் வெளிவந்த மறு ஆண்டே சோதனை வந்தது. 1973 இலையுதிர் காலத்தில் அரபு நாடுகள் எண்ணெய் வழங்கலைக் குறைத்ததும், மேற்கு ஜெர்மனி அரசு சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதையே தடை செய்தது. நெடுஞ்சாலையில் விரைவதற்கென்றே செய்யப்பட்ட கார் இனி எதற்கு என்ற கேள்வி எழுந்த அந்த வேளையில்தான், கீழ் பவேரியாவின் டிங்கொல்ஃபிங் என்னும் சிற்றூரில் பி.எம்.டபிள்யூ புதிய ஆலையைத் திறந்து 5 சீரிஸ் உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. கோகோமொபில் என்னும் சிறுகாருக்குப் பெயர்பெற்ற ஹான்ஸ் கிளாஸ் நிறுவனத்தை 1960-களின் பிற்பகுதியில் விலைக்கு வாங்கியதால் கிடைத்த ஊர் அது. ஃபான் கூன்ஹைம் திட்டத்தைச் சுருக்கவில்லை. 90 குதிரைத்திறன் கொண்ட, சிக்கனமான 518-ஐ 1974-இல் வரிசையின் அடியில் சேர்த்துவிட்டு, மேல்முனையில் எஞ்சின்களைப் பெருக்கிக்கொண்டே சென்றார். வேளாண்மையை நம்பியிருந்த அந்த வட்டாரத்தின் சிற்றூர்களிலிருந்து தொழிலாளர்களைப் பேருந்துகளில் ஏற்றிவந்து வேலை கொடுத்த டிங்கொல்ஃபிங் ஆலை, 5 சீரிஸின் தாய்வீடாகவே இன்றும் தொடர்கிறது. முதல் தலைமுறையில் ஏறத்தாழ ஏழு லட்சம் கார்கள் விற்றன.

1981-இல் வந்த இரண்டாம் தலைமுறை, இ28, முந்தையதிலிருந்து தோற்றத்தில் பெரிதும் வேறுபடாததால் சிலருக்கு ஏமாற்றமளித்தது. ஆனால் அதன் உட்புறத்தில், பொத்தான்கள் அடங்கிய நடுப்பலகை ஓட்டுநரை நோக்கிச் சற்றே திருப்பப்பட்டிருந்தது. பக்கத்தில் அமர்பவருக்கு அது முகம் காட்டாத ஏற்பாடு. இதைவிட ஆழமான மாற்றங்கள் எண்ணெய் நெருக்கடி விதைத்தவை. செயல்திறனைக் குறிக்கும் கிரேக்க எழுத்தான ஈட்டாவின் பெயரைத் தாங்கி வந்த 525இ என்ற காரில், பெரிய எஞ்சினை மெதுவாகச் சுழலவிட்டு உராய்வு இழப்பைக் குறைக்கும் உத்தி கையாளப்பட்டது. அதன் கொள்ளளவு உண்மையில் 2.7 லிட்டர், பெயருக்கும் எஞ்சினுக்கும் இருந்த ஒப்பந்தம் இங்கேயே முறியத் தொடங்கியது. 1983-இல் வந்த 524டிடி, பி.எம்.டபிள்யூவின் முதல் டீசல் கார். டீசல் என்றால் டாக்சியும் டிராக்டரும் என்றிருந்த காலத்தில், ஆஸ்திரியாவின் ஸ்டைர் ஆலையில் செய்யப்பட்ட ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினுடன் டர்போவைச் சேர்த்து 115 குதிரைத்திறன் எடுத்தனர். டர்போ என்பது, வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. ஜெர்மனியில் இந்த வகைக் கார்களில் பெரும்பங்கு நிறுவனங்களின் பெயரில் பதிவாகி ஊழியர்களுக்கு ஒதுக்கப்படுபவை. ஆண்டுதோறும் பல ஆயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடும் அவர்களுக்கு டீசல் எவ்வளவு பொருத்தம் என்பதை அடுத்த இருபது ஆண்டுகள் காட்டின.

அதே இ28-தான் எம்5 என்ற பெயருக்கும் பிறப்பிடம். 1972 மே மாதத்தில் பந்தயப் பணிகளுக்கெனத் தொடங்கப்பட்ட பி.எம்.டபிள்யூ மோட்டார்ஸ்போர்ட் என்னும் துணை நிறுவனம், எம்1 என்னும் பந்தயத்தன்மை கொண்ட இருவர் காருக்காக உருவாக்கிய 3.5 லிட்டர் எஞ்சினை, 1980-களின் நடுவில் இந்தச் சாதுவான நான்கு கதவுக் காரில் பொருத்தியது. 286 குதிரைத்திறன், வெளித்தோற்றத்தில் சிறு எழுத்துப்பட்டயம் தவிரப் பெரிய வேறுபாடு இல்லை. கைவேலையாகச் செய்யப்பட்ட அந்தக் கார்கள் இரண்டாயிரத்துச் சொச்சமே. ஆனால் குழந்தைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலகம் செல்லும் காரே விளையாட்டுக் கார்களை முந்தக்கூடும் என்ற எண்ணத்தை அந்தச் சிறு எண்ணிக்கை விதைத்தது. அதன் பிறகு ஏறக்குறைய எல்லாப் போட்டி நிறுவனங்களும் இந்த வழியைப் பின்பற்றின.

மூன்றாம் தலைமுறையான இ34, 1988-இல் வந்தது. நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் கிளாவுஸ் லூதே மேற்பார்வையில், இத்தாலியரான எர்கோலே ஸ்பாடாவின் கைவண்ணத்தோடு உருவான அதன் தாழ்ந்த முகமும் ஆப்பு வடிவ உடலும் இன்றும் பலரால் மெச்சப்படுகின்றன. 1991-இல் கூரை பின்வரை நீண்டு பொருள்களுக்கு இடம்தரும் டூரிங் வகையும், நான்கு சக்கரங்களும் இயங்கும் வகையும் சேர்ந்தன. பின்னர் எட்டு சிலிண்டர் எஞ்சின்களும் வந்தன. விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டிச் சென்றது.

நான்காம் தலைமுறையாகிய இ39, 1995-இல் வெளிவந்தது. பி.எம்.டபிள்யூ கார்களை நெருங்கி அறிந்தோரில் பலர் 5 சீரிஸின் உச்சம் எதுவென்று கேட்டால் இதையே காட்டுவர். அந்தத் தீர்ப்பு மிகையானதன்று. ஜப்பானியரான ஜோஜி நாகஷிமா வரைந்த அதன் வடிவம் எந்தக் கோட்டையும் உரக்கச் சொல்லாதது. சஸ்பென்ஷனின் பெரும்பகுதியை எஃகுக்குப் பதில் அலுமினியத்தில் செய்தது, பெரும் எண்ணிக்கையில் செய்யப்படும் கார்களில் அன்று புதுமை. சக்கரத்தோடு சேர்ந்து அசையும் பாகங்கள் இலேசானால், ரப்பர் பந்து போலச் சக்கரம் துள்ளாமல் சாலையோடு ஒட்டியே செல்லும். காருக்குள் சொகுசும் கிடைக்கும், வளைவில் பிடிப்பும் கிடைக்கும், பொதுவாக இவ்விரண்டில் ஒன்றைத்தான் பொறியாளர் தேர்ந்தெடுக்க முடியும். ஆறு சிலிண்டர் கார்களில் பற்சட்டத்தில் பற்சக்கரம் நேரடியாக உருளும் ஸ்டீயரிங் பயன்படுத்தப்பட்டது. எட்டு சிலிண்டர் எஞ்சின் அந்த இடத்தை அடைத்துக்கொண்டதால் அவ்வகைக் கார்களில் பழைய முறையே நீடித்தது. எனவே விலை குறைந்த காருக்கே ஸ்டீயரிங் துல்லியம் கூடுதல் என்ற வேடிக்கை நிகழ்ந்தது. 1998-இல் வந்த இதன் எம்5, எட்டு சிலிண்டரில் 400 குதிரைத்திறன் காட்டியது. அதே ஆண்டு வந்த 530டி, டீசலை இந்த வரிசையின் மையத்துக்கே கொண்டுவந்தது.

ஐந்தாம் தலைமுறையான இ60, 2003-இல் வந்தபோது வாடிக்கையாளர் பலர் திடுக்கிட்டனர். அமெரிக்கரான கிறிஸ் பேங்கிளின் தலைமையில் பி.எம்.டபிள்யூவின் வடிவமைப்பு முற்றிலும் வேறு திசையில் திரும்பியிருந்தது; புருவம் போல் நெற்றியை நோக்கி நீளும் விளக்குகளும், வளைந்தும் குழிந்தும் செல்லும் பக்கப்பரப்புகளும் கொண்ட இந்தக் காரை வரைந்த டாவிடே ஆர்காஞ்செலி என்னும் இளம் இத்தாலியர், அது சாலைக்கு வருமுன்பே, 2000-இல், இரத்தப் புற்றுநோயால் இறந்துவிட்டார். பழி முழுவதும் பேங்கிள் தலையில் விழுந்தது. அவரை நீக்கக் கோரி இணையத்தில் கையெழுத்து இயக்கம்கூட நடந்தது. காலம் அந்த வடிவத்துக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்திருக்கிறது; ஆனால் உள்ளே புகுந்த ஐடிரைவ் பற்றிய குறை முழுதும் தவறென்று சொல்ல முடியாது. பொத்தான்களைக் குறைத்து, ஒரே திருகு குமிழாலும் ஒரு திரையாலும் வானொலி முதல் குளிர்சாதனம் வரை இயக்கும் அந்த ஏற்பாடு, சாலையைப் பார்க்க வேண்டிய ஓட்டுநரின் கண்ணைத் திரைக்கு இழுத்தது. ஓட்டுபவருக்கென்று சொல்லப்பட்ட காரில் ஓட்டுபவரின் கவனத்தையே பங்குபோட்ட முதல் பெரிய மாற்றம் இதுவே எனலாம். மறுபுறம், முன்பகுதியின் கட்டமைப்பை அலுமினியத்திலும் எஞ்சியதை எஃகிலும் செய்து எடைச் சமன்பாட்டைக் காத்த பொறியியல் அருமையானது. எம்5-க்குக் கொடுக்கப்பட்ட பத்து சிலிண்டர், 5.0 லிட்டர், 507 குதிரைத்திறன் எஞ்சின், அந்நாளில் ஃபார்முலா ஒன் பந்தயங்களில் பி.எம்.டபிள்யூ ஓட்டிய எஞ்சினின் நினைவில் பிறந்தது. நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றுகளுக்கு மேல் சுழன்ற அதைப்போன்ற எஞ்சின் இந்த வரிசையில் மறுபடி வரவில்லை.

இ60 காலத்தில் நடந்த மற்றொரு மாற்றம் அன்று அதிகம் பேசப்படவில்லை. 2006-இல், சீனாவின் ஷென்யாங் நகரில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள தொலைவு நீட்டப்பட்ட 5 சீரிஸ் தயாராகத் தொடங்கியது. சக்கர இடைவெளி எனப்படும் இந்தத் தொலைவு கூடினால், கூடும் இடம் பின்னிருக்கையில் அமர்பவரின் காலுக்கே சேரும். சீனாவில் இந்த வகைக் காரின் உரிமையாளர் பலர் ஓட்டுநர் வைத்துக்கொள்பவர்கள். ஆகவே காரின் முதன்மை இருக்கை இடம்பெயர்ந்தது. ஏறத்தாழ அதே வேளையில், 2007 மார்ச்சில், செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூவின் சென்னை ஆலை தொடங்கப்பட்டு, 3 சீரிஸும் 5 சீரிஸும் அங்கே பூட்டப்படலாயின. முழுக்காராக இறக்குமதி செய்தால் கட்ட வேண்டிய சுங்கவரி மிகப் பெரிது; பாகங்களாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே ஒன்றுசேர்த்தால் வரி கணிசமாகக் குறையும். இந்திய வீதிகளில் 5 சீரிஸ் எண்ணிக்கையில் பெருகியதற்கு இந்த வரிக் கணக்கே அடிப்படை.

2010-இன் ஆறாம் தலைமுறை, எஃப்10, பெரிய 7 சீரிஸுடன் அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்டது. கார்த் தொழிலில் அடித்தளம் என்பது, தரைத்தட்டு, சஸ்பென்ஷன் இணைப்புகள், மின்கம்பி வலை போன்றவற்றைப் பல கார்களுக்கும் பொதுவாக வைத்துச் செலவைக் குறைக்கும் ஏற்பாடு. இதனால் கார் அமைதியாகவும் சொகுசாகவும் மாறி, இருபது லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆனால் எடை கூடியது. ஹைட்ராலிக் உதவியை விட்டு மின்மோட்டாரால் இயங்கிய ஸ்டீயரிங், சக்கரத்தின் அடியில் நடப்பதைக் கைக்குச் சொல்வதில் முந்தைய கார்களைவிட ஊமையானது என்று வாகன விமர்சகர்கள் எழுதினர். 2011 முதல் 528ஐ காரில் ஆறு சிலிண்டர் எஞ்சினின் இடத்தை 2.0 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ பிடித்தது. புகை வெளியீட்டு விதிகளுக்கு அது ஏற்றதுதான், எனினும் பெயரிலுள்ள எண் அதன்பின் விலைப்படியை மட்டுமே சொல்லிற்று. 2017-இல் விற்பனைக்கு வந்த ஏழாம் தலைமுறையான ஜி30, அலுமினியத்தை மேலும் பயன்படுத்தி எடையை நூறு கிலோ வரை குறைத்ததும், வீட்டு மின்சாரத்தில் மின்னேற்றிக்கொள்ளும் 530இ என்னும் கலப்பு வகையைக் கொண்டிருந்ததும் குறிப்பிடத்தக்கவை. இதன் எம்5-தான் நான்கு சக்கர இயக்கத்தை ஏற்ற முதல் எம்5. விரும்பினால் பின்சக்கரங்களை மட்டும் இயக்கும்படி மாற்றிக்கொள்ளும் வசதியையும் பொறியாளர்கள் விட்டுவைத்தனர், பழைய அன்பர்களைச் சமாதானப்படுத்தும் சலுகையாக.

2023 மே மாதம் வெளியிடப்பட்ட எட்டாம் தலைமுறை, ஜி60, ஐ5 என்ற பெயரில் முழு மின்காராகவும் கிடைக்கிறது. பெட்ரோல், டீசல், கலப்பு, மின்சாரம் ஆகிய நான்குக்கும் ஒரே உடல் என்பதால் மின்கலத் தொகுப்பைத் தரைக்கடியில் பரப்ப வேண்டியிருந்தது. கார் உயர்ந்து தடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1972-இன் இ12 நீளத்தில் 4,620 மில்லிமீட்டர், அகலத்தில் 1,690. ஜி60 முறையே 5,060, 1,900. 2024-இல் வந்த எம்5, எட்டு சிலிண்டர் எஞ்சினையும் மின்மோட்டாரையும் சேர்த்து 727 குதிரைத்திறன் தருகிறது, எடையோ ஏறத்தாழ 2.4 டன். முதல் எம்5-இன் திறனைப்போல இரண்டரை மடங்கு இருந்தும், வளைவில் அந்த எடையை மறைக்க மென்பொருளின் உதவி எந்நேரமும் தேவைப்படும் கார் இது.

இந்தியாவுக்கு 2024 ஜூலையில் வந்தது, இந்தத் தலைமுறையின் நீட்டப்பட்ட வகை. சென்னை ஆலையிலேயே உருவாகும் அதன் சக்கர இடைவெளி 3,105 மில்லிமீட்டர், அதாவது முதல் இ12-ஐவிட ஏறக்குறைய அரை மீட்டர் மிகுதி. நீட்டிய இடம் முழுவதும் பின்கதவுக்குள் அடங்குகிறது. இந்தியாவில் இந்த விலைக்குக் கார் வாங்குவோரில் பலர் ஓட்டுநரை அமர்த்திக்கொள்பவர்கள் என்பதால் நிறுவனத்தின் முடிவில் வணிக நியாயம் உண்டு. முன்னிருக்கையில் அமர்ந்து அந்தக் காரின் எடைச் சமன்பாட்டையும் ஸ்டீயரிங்கின் இசைவையும் நாள்தோறும் கையால் உணர்பவர், பெரும்பாலும், அதற்கு விலை கொடுத்தவர் அல்லர்.